ஒரு கணினி, மூன்று பேர்: தேடலுக்கு எந்த விசை?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் கணக்குப் பிரிவைக் கவனித்துவரும் சகோதரி ஒருவர் இந்த வாரம் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரையோ அவருடைய அலுவலகத்தையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் தொழிற்சாலை அது. இலைக் கணக்கும் பட்டுவாடாக் கணக்கும் ஒரே கணினியில் இருக்கின்றன. அதில் மூன்று பேர் மாறி மாறி வேலை செய்கிறார்கள். உரிமக் கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக, இரண்டு மாதங்களுக்கு முன் வேர்டு, எக்செல் ஆகியவற்றை விட்டுவிட்டு இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸுக்கு மாறியிருக்கிறார்கள் (அதில் வேர்டுக்கு ஈடானது ரைட்டர், எக்செல்லுக்கு ஈடானது கால்க்). மின்னஞ்சலுக்கு மட்டும் பழைய அவுட்லுக் தொடர்கிறது. புதிதாகச் சேர்ந்த தம்பி, கன்ட்ரோல் எஃப் அழுத்தினால் எக்செல்லில் வருவதைப் போலப் பெரிய தேடல் பெட்டியே வர வேண்டும், கீழே வரும் சின்னப் பட்டை தனக்கு வேண்டாம் என்கிறார். பல ஆண்டுகளுக்கு முன் இயந்திரத்தில் இடது கையின் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் இழந்த மூத்த எழுத்தர், இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தச் சிரமப்படுவதால் தேடலுக்கு ஒற்றை விசை கேட்கிறார். “மூவருக்கும் ஒரே முறையாக ஏதாவது முடிவு செய்து, தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்” என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

இதற்கிடையில் இரண்டு சம்பவங்கள் நடந்திருக்கின்றன. அவுட்லுக்கில் ஒரு தரகரின் பழைய கடிதத்தைத் தேடுவதற்காகச் சகோதரி கன்ட்ரோல் எஃப் அழுத்திப் பெயரைத் தட்டியபோது, திறந்திருந்த விலைப்பட்டியல் அந்தத் தரகருக்கே அனுப்பப்படத் தயாராகிவிட்டது. கடைசி நொடியில்தான் கவனித்திருக்கிறார். மற்றொரு நாள், திரையில் கண்ணுக்கு நேராகத் தெரிந்த ஒரு தொகையைப் பெரிய பெட்டியில் தேடியபோது, அப்படி எதுவும் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. புதிய மென்பொருளின் குறுக்குவிசையே சரியாக வேலை செய்யவில்லையோ என்பது அவருடைய சந்தேகம். எந்த விசையை வைப்பது, மாற்றினால் பின்னால் சிக்கல் வருமா, மூத்தவரைப் பழகிக்கொள்ளச் சொல்வது நியாயமா என்று மூன்று கேள்விகளை முன்வைக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அலுவலக மென்பொருள் கற்றுத்தரும் வேலையில் இருப்பவன் என்பதால், நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் எனக்குப் பழக்கமானதாகவே இருந்தது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தேடுவதற்கான கன்ட்ரோல் எஃப், தேடி மாற்றி எழுதும் பெரிய பெட்டியைத் திறக்கும் கன்ட்ரோல் எச் ஆகிய இரண்டையும் இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஏற்கெனவே ஒருவருடைய விரலுக்குப் பழகிய விசையைப் பிடுங்கி வேறு வேலைக்குக் கொடுப்பதைவிட, இன்னொரு விசையைக் கூடுதலாகச் சேர்ப்பதே உங்கள் மூவருக்கும் பொருந்தும். லிப்ரே ஆபீஸில் ஒரே கட்டளைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விசைகளை வைத்துக்கொள்ளலாம் என்பதால், ‘எல்லோருக்கும் ஒரே முறை’ என்று மேலாளர் சொன்னதை ‘எல்லோருக்கும் ஒரே ஒரு விசை’ என்று நீங்கள் பொருள் கொள்ளத் தேவையில்லை.

கன்ட்ரோல் எஃப் எல்லா இடத்திலும் தேடல் அல்ல

கன்ட்ரோல் எஃப் என்றாலே தேடல்தான் என்று நீங்கள் நம்பியதில் தவறில்லை. உலாவி, வேர்டு, எக்செல், பிடிஎஃப் படிப்பான் என்று நாள் முழுவதும் நாம் தொடும் மென்பொருள்களில் பெரும்பாலானவை அப்படித்தான் நடந்துகொள்கின்றன. ஆனால் அவுட்லுக்கில் அந்த விசை, திறந்திருக்கும் கடிதத்தை வேறொருவருக்கு அனுப்புவதற்கானது, அதாவது ‘ஃபார்வர்டு’. மைக்ரோசாஃப்டின் பொறியாளர் ரேமண்ட் சென் இதன் பின்னணியை எழுதியிருக்கிறார்: அவுட்லுக்குக்கு முன்னோடியான மென்பொருளின் சோதனைப் பதிப்பைப் பயன்படுத்திய ஒருவர், தாம் முன்பு பழகிய மின்னஞ்சல் மென்பொருளில் அந்த விசை ஃபார்வர்டுக்கு இருந்ததால் இதிலும் அப்படியே வேண்டும் என்று கேட்டுக்கொண்டார், அவர் பில் கேட்ஸ். உங்களுக்கு நேர்ந்ததும் அதே பழக்கத்தின் மறுபக்கம்தான். ஃபார்வர்டு திறந்தவுடன் சுட்டி பெறுநர் பெட்டியில் நிற்கும். தேடுவதாக நினைத்து நாம் தட்டும் பெயருக்கு அவுட்லுக் முழு முகவரியையும் தானாகவே நிரப்பித் தந்துவிடும். அங்கே உங்கள் கவனக்குறைவு எதுவும் இல்லை.

அவுட்லுக்கில் தேட கன்ட்ரோல் ஈ அல்லது எஃப் 3 அழுத்த வேண்டும். இவ்விரண்டில் கன்ட்ரோல் ஈ-யைச் சுவரில் ஒட்டும் தாளில் எழுத வேண்டாம் என்பது என் கருத்து. லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் அதே விசை பத்தியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தும் விசையாக இருப்பதால், ஒரு குழப்பத்தைத் தீர்க்கப்போய் இன்னொன்றை வரவழைத்தவர்களாவோம்.

எஃப் 3 ஏன் பொருத்தமானது

மூத்தவர் கேட்கும் ஒற்றை விசைக்கான விடை இங்கேதான் இருக்கிறது. விண்டோஸில் கோப்புறை திறந்திருக்கும்போது எஃப் 3 அழுத்தினால் தேடல் கட்டத்துக்குப் போகும், உலாவிகளில் பக்கத்துக்குள் தேடவும் தேடியதை அடுத்த இடத்தில் காணவும் எஃப் 3 உதவும், அவுட்லுக்கிலும் தேடல்தான். லிப்ரே ஆபீஸிலும் அதே விசையை நீங்கள் தேடலுக்குச் சேர்த்துவிட்டால், உங்கள் கணினியில் எங்கே நின்று எஃப் 3 அழுத்தினாலும் தேடல்தான் வரும். கன்ட்ரோல் எஃப் தராத ஒருமைப்பாடு இது.

இதற்கு ஒரு விலை உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். ரைட்டரில் எஃப் 3 ஏற்கெனவே ‘ஆட்டோடெக்ஸ்ட்’ என்னும் வசதிக்கு உரியது. ஒரு சுருக்கெழுத்தைத் தட்டி எஃப் 3 அழுத்தினால், முன்பே சேமித்து வைத்த முழு வாசகம் அந்த இடத்தில் விரியும். கடிதத் தலைப்பு, முகவரி போன்றவற்றுக்கு இதைப் பயன்படுத்தும் அலுவலகங்கள் உண்டு. உங்கள் மூவரில் யாராவது அதைப் பயன்படுத்துகிறார்களா என்று கேட்டுவிட்டு, யாரும் இல்லை என்றால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். யாரேனும் பயன்படுத்தினால், அடுத்துச் சொல்லப்போகும் ‘கஸ்டமைஸ்’ பெட்டியின் விசைப் பட்டியலில் எதிரே எந்தக் கட்டளையும் எழுதப்படாமல் காலியாக இருக்கும் வேறொரு விசையை எடுக்கலாம்; வெளிறித் தெரியும் விசைகளை மட்டும் மாற்ற முடியாது.

செய்முறை எளியது. ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘கஸ்டமைஸ்’ திறந்து, ‘கீபோர்டு’ என்ற பகுதிக்குப் போனால், மேலே விசைகளின் நீண்ட பட்டியலும் கீழே கட்டளைகளும் தெரியும். வலது மேல் மூலையில் ‘லிப்ரே ஆபீஸ்’ என்றும், நீங்கள் திறந்திருக்கும் மென்பொருளின் பெயரிலும் இரண்டு தேர்வுகள் இருக்கும். பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பொதுவான ‘லிப்ரே ஆபீஸ்’ என்பதன்கீழ் விசையை மாற்றிவிட்டு, ரைட்டரில் மாறவில்லையே என்று குழம்புவார்கள். ரைட்டருக்கென்று தனியாக ஒரு விசை ஒதுக்கப்பட்டிருந்தால் அதுவே முந்தும். ஆகவே ரைட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு ‘ரைட்டர்’ என்பதன்கீழும், கால்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு ‘கால்க்’ என்பதன்கீழும் தனித்தனியாக மாற்றுங்கள். முடித்ததும் அதே பெட்டியில் உள்ள ‘சேவ்’ பொத்தானால் இந்த அமைப்பை ஒரு கோப்பாக எடுத்துப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால், கணினி மாறினாலும் ‘லோடு’ செய்து இரண்டே நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடலாம். மனம் மாறினால் ‘ரீசெட்’ இருக்கிறது. மாற்றினால் பின்னால் சிக்கல் வருமா என்ற உங்கள் கேள்விக்கு இதுவே பதில்: கணக்குக் கோப்புகளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, அமைப்பு எப்போது வேண்டுமானாலும் திரும்பப்பெறக் கூடியது. ஆனால் கணினி அலுவலகத்தின் சொத்து என்பதால், மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

விண்டோஸில் மூவருக்கும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொண்டால், அவரவர் விசை அவரவருக்கு என்று முடித்துவிடலாமே என்று தோன்றலாம். அதுவும் நல்ல வழிதான். இந்த அமைப்புகள் பயனர் கணக்கோடு சேர்ந்தே சேமிக்கப்படுகின்றன. எனினும் இலை வண்டி வந்து நிற்கும் மாலை நேரத்தில், ஒருவர் எழுந்து மற்றவர் உட்காரும்போதெல்லாம் கணக்கை மாற்றிக்கொண்டிருக்க உங்கள் அலுவலகத்தில் நேரம் இருக்காது என்று நினைக்கிறேன்.

மூத்தவரைப் பழகிக்கொள்ளச் சொல்லாதீர்கள்

ஒருமுறை அவருடைய கையை அருகிலிருந்து கவனித்துப் பாருங்கள். விசைப்பலகையின் இடது கீழ் மூலையில் இருக்கும் கன்ட்ரோல் விசையை நம்மில் பெரும்பாலோர் சுண்டுவிரலால் அழுத்திக்கொண்டு, அதே கையின் ஆள்காட்டி விரலால் எஃப் விசையைத் தொடுகிறோம். சுண்டுவிரல் இல்லாதவர், மணிக்கட்டை வெளிப்பக்கமாகத் திருப்பி ஆள்காட்டி விரலைக் கன்ட்ரோலுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. எஃப் விசைக்கு வலது கை மவுஸை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது. ஒரு நாளில் இதை எத்தனை முறை செய்ய நேர்கிறது என்று எண்ணினால், அவர் கேட்பது சலுகை அல்ல, வேலையைச் செய்வதற்கான கருவி என்பது உங்களுக்கே விளங்கும்.

விண்டோஸில் ‘ஸ்டிக்கி கீஸ்’ என்றொரு வசதி இருக்கிறது. ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால் அதை இயக்கலாமா என்று கேட்கும். இயக்கிய பிறகு கன்ட்ரோலை ஒருமுறை தட்டி விட்டுவிட்டு, அடுத்து எஃப் விசையைத் தட்டினால் போதும். சேர்த்து அழுத்த வேண்டியதில்லை. நகலெடுக்க, ஒட்ட, சேமிக்க என்று எல்லாக் குறுக்குவிசைகளுக்கும் இது உதவும். ஆனால் அதே கணினியில் அடுத்து உட்காரும் தம்பிக்கு இது தொந்தரவாகத் தோன்றலாம். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் தானாக அணைந்துவிடும்படி அதில் ஓர் அமைப்பு உண்டு, அதைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

சட்டம் பற்றி நேரடியாகக் கேட்கவில்லை என்றாலும், நியாயமா என்று கேட்டிருப்பதால் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஒருவர் மற்றவர்களோடு சமமாகப் பணிசெய்யத் தேவையான பொருத்தமான மாற்றங்களைச் செய்து தருவது என்ற கருத்தை வரையறுத்திருக்கிறது. அரசு நிறுவனங்களுக்கு அதை 20ஆம் பிரிவு கடமையாக்குகிறது. உங்கள் தொழிற்சாலைக்கு அது எந்த அளவில் பொருந்தும் என்பதை ஒரு வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். ஆனால் செலவே இல்லாமல் ஐந்து நிமிடத்தில் செய்து தரக்கூடிய ஒரு மாற்றத்துக்குச் சட்டம் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தம்பி கேட்கும் பெரிய பெட்டி

எக்செல்லில் பழகிய அவருக்குக் கீழே வரும் சின்னப் பட்டை குறைபாடுள்ளதாகத் தோன்றுவது இயல்பு. அவருக்கு வேண்டிய பெட்டி கன்ட்ரோல் எச்-இல் இருக்கிறது. அதைக் கன்ட்ரோல் எஃப்-க்குக் கொண்டுவர முடியுமா என்றால் முடியும், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம், அந்தப் பெட்டியில் தேடும் பொத்தான்களோடு ‘ரீப்ளேஸ் ஆல்’ பொத்தானும் இருக்கிறது.

பயிற்சிக்காக நான் சென்றிருந்த ஓர் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கிலோவுக்கு 18 ரூபாயாக இருந்த விலை 19 ஆனபோது, ஒருவர் 18 என்பதைத் தேடி 19 என்று மாற்றும்படி ஒரேயடியாக உத்தரவிட்டுவிட்டார். விலை மாறியது; கூடவே 118ஆம் எண் உறுப்பினர் 119 ஆனார், 180 கிலோ இலை 190 கிலோ ஆனது, 2018 என்றிருந்த ஆண்டு 2019 ஆனது. அவர் உடனே கவனித்திருந்தால் கன்ட்ரோல் இசட் காப்பாற்றியிருக்கும். கோப்பைச் சேமித்து மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் முழுவதும் இலைச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட்டுப் பார்த்ததை நான் அருகில் இருந்து கண்டேன். ஒரு நாளில் நூறு முறை தேடுகிறோம் என்றால் மாற்றி எழுதுவது ஓரிரு முறைதான். நூறு முறை தொடும் விசை, எதையும் மாற்றாத சின்னப் பட்டையையே திறக்கட்டும்.

அந்தப் பட்டையைத் தம்பி இன்னும் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். என்டர் தட்டினால் அடுத்த இடம், ஷிஃப்டுடன் என்டர் தட்டினால் முந்தைய இடம், எஸ்கேப் தட்டினால் பட்டை மூடிவிடும். ரைட்டரில் கடைசியாகத் தேடிய சொல்லை மறுபடி தேட கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றும் போதும். ஒரு வாரம் பழகிப் பார்த்துவிட்டுச் சொல்லும்படி அவரிடம் கேளுங்கள்.

தொகை ஏன் கிடைக்கவில்லை

இதற்கும் விசைக்கும் தொடர்பே இல்லை. பட்டுவாடாத் தாளில் நீங்கள் கண்ணால் பார்த்த தொகை, எடையை விலையால் பெருக்கி வந்த விடை. அந்தக் கட்டத்துக்குள் உண்மையில் இருப்பது சூத்திரம். பெரிய பெட்டியில் ‘எங்கே தேடுவது’ என்பது ‘ஃபார்முலாஸ்’ என்று இருந்தால், சூத்திரத்தின் எழுத்துகளுக்குள் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று சொல்லிவிடும்; அதை ‘வேல்யூஸ்’ என்று மாற்றினால் கிடைக்கும். எக்செல்லிலும் இதே கதைதான். திரையில் 1,850 என்று காற்புள்ளியோடு தெரிவது உள்ளே 1850 என்று மட்டும் இருக்கும்; தெரிகிறபடியே தேட வேண்டும் என்றால் ‘ஃபார்மேட்டடு டிஸ்ப்ளே’ என்ற கட்டத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட கட்டங்களைத் தேர்வு செய்துவிட்டுத் தேடினால், தேடல் அந்தத் தேர்வுக்குள் மட்டுமே நின்றுவிடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரே ஹட்டியில் (மலைக் கிராமத்தில்) ஒரே பெயரில் நான்கைந்து பேர் இருப்பார்கள் என்பதால், நீங்கள் பெயரைவிட உறுப்பினர் எண்ணைக் கொண்டு தேடுவதே நல்லது. ஆனால் 12 என்று தேடினால் 112, 1205 எல்லாம் வந்து நிற்கும். ‘முழுக் கட்டமும் பொருந்த வேண்டும்’ என்ற பொருளில் உள்ள ‘என்டயர் செல்ஸ்’ தேர்வை அப்போது இயக்குங்கள்.

தமிழில் தேடும்போது இன்னொரு சிக்கல் உண்டு. ‘குன்னூர்’ என்று தேடினால் ‘குன்னூரில்’, ‘குன்னூருக்கு’ ஆகியவை கிடைக்காது. வேற்றுமை உருபு சேரும்போது கடைசி ‘ர்’ வேறு எழுத்தாகிவிடுகிறது. மாறும் எழுத்துக்கு முன்பே நிறுத்தி ‘குன்னூ’ என்று தேடினால் எல்லாம் கிடைக்கும். ‘மரம்’ என்பதற்கு ‘மர’. பழைய கோப்புகளில் எதுவுமே கிடைக்கவில்லை என்றால், அவை யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டப்பட்டிருக்கக்கூடும். தமிழ்நாடு அரசு 2010இல் யுனிகோடையும் டேஸ் 16-ஐயும் தமிழ் எழுத்துக் குறியாக்கத் தரங்களாக அறிவித்தது என்றாலும், அதற்கு முந்தைய கோப்புகள் தாமாக மாறிவிடவில்லை. அவற்றை யுனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் தேட முடியும். எந்த விசையை மாற்றினாலும் பயன் இல்லை.

விசையைப் பற்றிய ஒரு கவலையையும் போக்கிவிடுகிறேன். தமிழ் 99 விசைப்பலகை இயங்கும்போது எஃப் விசையில் புள்ளியும் எச் விசையில் ககரமும் வருகின்றன அல்லவா, அதனால் தமிழில் தட்டும்போது கன்ட்ரோல் எஃப் வேலை செய்யாதோ என்று ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். விண்டோஸோடு வரும் தமிழ் 99-இல் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு அந்த விசையைத் தொட்டால் தேடல்தான் வரும். தனியாக நிறுவும் சில தட்டச்சு மென்பொருள்கள் மட்டும், மொழியை மாற்றுவதற்காக எஃப் வரிசை விசைகளையோ ஆல்ட்டுடன் எண் விசைகளையோ எடுத்துக்கொள்வதுண்டு. எஃப் 3-ஐ ஒதுக்குவதற்கு முன் உங்களிடம் இருக்கும் மென்பொருளில் அந்த விசை காலியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சுவரில் ஒட்டும் தாளில் மூன்று வரிகள் போதும் என்று நினைக்கிறேன். தேட எஃப் 3, எங்கேயும். ரைட்டரிலும் கால்க்கிலும் கன்ட்ரோல் எஃப் அழுத்தினாலும் தேடல்; அவுட்லுக்கில் மட்டும் கன்ட்ரோல் எஃப் தொட வேண்டாம். மாற்றி எழுத கன்ட்ரோல் எச்; ‘ரீப்ளேஸ் ஆல்’ அழுத்துமுன் கோப்புக்கு ஒரு நகல்.

மாற்றத்தைச் செய்யும் நாளையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். இலை குவியும் வாரத்தில் வேண்டாம். பட்டுவாடா முடிந்த மறுநாள், அல்லது உறைபனியில் இலை வரத்துக் குறைந்திருக்கும் மாதங்களில் ஒரு காலை நேரம் நல்லது. மூத்தவரையே நாற்காலியில் உட்காரவைத்து, எஃப் 3-ஐ அவர் கையாலேயே ஒதுக்கச் சொல்லுங்கள். அவருக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது என்றால் அப்போதே வேறு விசைக்கு மாற்றிவிடலாம்.